கரி மூலைக் கடிதம்

ரங்கூனில் இருந்தவள் என்று தெரிந்தால் போதும், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தேக்கு எப்படி, மாணிக்கக் கல் எப்படி, தங்கத் தகடு போட்ட பகோடா எப்படி என்று. தேக்கை நான் அடுப்பில் வைத்துத்தான் பார்த்தேன். மரமில்லில் கழித்த துண்டுகளைத்தான் நாங்கள் விறகாக வாங்குவோம். மாணிக்கம் கண்ணில் பட்டதே இல்லை. பகோடாவுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு பாதியிலேயே திரும்பினேன். பதினோரு வருஷத்தில் நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு தெருவை. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் போகிறது, நானே சொல்கிறேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருந்தது அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்தத் தெருவில் நின்றால் பர்மாவில் இருக்கிறோம் என்ற நினைப்பே வராது. ஒரு பக்கம் தஞ்சாவூர்ப் பேச்சு, இன்னொரு பக்கம் ராமநாதபுரத்துப் பேச்சு. ரிக்‌ஷா இழுக்கிற தெலுங்கர்கள்கூட எங்கள் தெருவுக்குள் வந்தால் தமிழில்தான் வெற்றிலை கேட்பார்கள்.

தெரு முனையில் கப்பல் டிக்கெட் கடை. அதன் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மெட்ராஸ் கப்பல் என்றைக்கு வருகிறது, என்றைக்குப் புறப்படுகிறது என்று டிக்கெட்காரர் தன் கையாலேயே எழுதுவார். ஊருக்குப் போகிற உத்தேசமே இல்லாதவர்களும் வேலைக்குப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். எதற்கு நின்றேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்தது சோடாக் கடை. வெயில் காலத்தில் தினம் ஒரு பாட்டிலாவது வெடிக்கும், தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் முடிதிருத்தும் கடை. அதில் இருந்த கண்ணாடி ரசம் போனது, எல்லோரையும் காமாலைக்காரராகக் காட்டும். அதற்கும் அடுத்து ஜவுளிக் கடை. முன்னால் பர்மாக்காரர்களுக்கான லுங்கி தொங்கும், உள்ளே போனால் நம் ஊர் வேட்டி. எதிர்ச்சாரியில் சைவக் காபி கிளப். அந்தக் கிளப்காரருக்கும் எங்களுக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் கடை மீன் வாடை காற்றில் வந்து அவருடைய சாம்பாரில் விழுகிறதாம். வாடை எப்படி ஐயா விழும் என்று நான் தெருவில் நின்றே கேட்டிருக்கிறேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அவர் போட்ட காபி மாதிரி நான் அதற்கப்புறம் எங்கும் குடிக்கவில்லை.

சாக்கடை ஓரமாக ஒரு பர்மாக்காரி உட்கார்ந்து மொஹிங்கா விற்பாள். மீன் குழம்பை அரிசி சேவையில் ஊற்றித் தருவதுதான் மொஹிங்கா. நான் அவளை அவர்கள் வழக்கப்படி ‘அமா’ என்பேன், அக்கா என்று அர்த்தம். காலையில் என்னைப் பார்த்ததும், “தமின் சா பீபீலா?” என்பாள். சோறு சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறாள். பர்மாக்காரர்கள் சௌக்கியமா என்று விசாரிப்பதே இந்தக் கேள்வியால்தான். நாலு தெருவுக்குச் சோறு போடுகிறவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிறதுக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் கடை. மீன் சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. முன்கட்டில் பலகை போட்டு ஆட்கள் உட்காருவார்கள், பின்கட்டில் நான் சமைப்பேன். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிப்பார். மனுஷர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். நான் உள்ளே அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். கடலில் பிடித்த மீன் அங்கே லேசில் கிடைக்காது, எல்லாம் ஆற்று மீன். அதைப் புளி போட்டு நம் ஊர்க் குழம்பாக ஆக்குவதற்குள் எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் பந்தி ஓய்ந்ததும் பெரிய சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கரியைச் சுரண்டுவேன். தேக்கு விறகின் கரி லேசில் போகாது. தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்க்க வேண்டும்.

எங்கள் கடைக்குச் சோற்றைத் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. தபால். மில்லிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறவன் இந்த மாதம் ஒரு கூலி லைனில் படுப்பான், அடுத்த மாதம் வேறொரு லைனில். ஆகவே ஊருக்கு எழுதும்போது எங்கள் கடை விலாசத்தையே கொடுத்துவிடுவான். அடுப்படிக்குப் போகும் வாசல் பக்கத்துச் சுவரில் இரண்டு கயிறு இழுத்துக் கட்டியிருந்தோம். வந்த கடிதங்களை அதில் செருகி வைப்போம். பெரும்பாலும் வந்து சாப்பிடுகிறவர்களே எடுத்துக்கொள்வார்கள். இன்சீன் ரயில் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள் என்பதால் அவர்கள் கடிதத்தை அன்றன்றைக்கே அனுப்பிவிடுவோம். இன்சீனில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒருவர் தினமும் பஜாருக்கு வந்து சாயந்திர ரயிலில் திரும்புவார். அவர் கையில் கொடுத்தால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரே ஒரு வகைக் கடிதத்தை மட்டும் அனுப்ப மாட்டோம். ஊரில் நல்ல சேதி என்றால் உறையின் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். சாவு என்றால் கரி. கரி மூலைக் கடிதம் வந்தால், அதற்குரியவர் கடைக்கு வந்து, உட்கார்ந்து, வயிறார ஒரு வேளை சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் கையில் கொடுப்போம். சேதி தெரிந்துவிட்டால் தீட்டு. தலை முழுக வேண்டும், அதற்கு மேல் அந்த மனுஷனுக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்காது. ஊரிலென்றால் பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். கடல் தாண்டி வந்தவனுக்கு யார் ஆக்கிப் போடுவார்கள்? எங்கள் தெருச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். எதிர்த்த கிளப்காரரும் அப்படித்தான் செய்வார். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் கிடையாது. இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்சீன் பட்டறையிலிருந்து வருகிறவர்களில் ஒருவர் எனக்கு ரொம்ப வேண்டியவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் விட்டுக்கொடுக்காமல் அவரை அண்ணே என்பேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டே தடவைதான் ஊருக்குப் போய் வந்திருந்தார். பொங்கல் கழித்துச் சம்சாரத்தை அழைத்து வரப் போவதாக அந்த வருஷம் முழுக்க அதே பேச்சு. இன்சீனில் அறைகூடப் பார்த்துவைத்துவிட்டார்.

“அவளுக்கு இந்த ஊரு ஒத்துக்குமாக்கா?” என்பார்.

“ஒத்துக்கலைன்னா எங்கிட்ட அனுப்புங்க அண்ணே. ஙப்பி அரைக்கக் கத்துக்குடுத்தா வாடைக்குப் பயந்தே உங்க வீட்டுக்கு ஓடிருவா” என்பேன். ஙப்பி என்பது பர்மாக்காரர்கள் மீனை அழுகவைத்துச் செய்கிற விழுது. அந்த வாடையைச் சொன்னாலே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. வீட்டுக்காரர் மீன் வாங்கக் கெம்மெண்டைன் படித்துறைக்குப் போயிருந்தார். தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். நான்தான் பின்கட்டிலிருந்து எழுந்து வந்து வாங்கினேன். நாலு கடிதம். கயிற்றில் செருகிவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயந்திரம் காய்கறிக்காரர் ரயிலுக்குப் போகிற வழியில் வந்து நின்றார். வீட்டுக்காரர் இன்சீன் கடிதத்தைத் தேடி எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னை உள்ளே வந்து கூப்பிட்டார்.

“இந்தா, இதப் பாரு.”

உறையின் மூலையில் கரி. எங்கள் இன்சீன்காரருடைய பெயர். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஊரில் இருப்பது சம்சாரமும் மச்சானும்தான்.

“குடுத்து அனுப்பிடலாமா? நாளைக்குக் காலையில மெட்ராஸ் கப்பல் இருக்கு. டிக்கெட் கடைப் பலகையில பார்த்தேன்” என்றார் வீட்டுக்காரர்.

நான் என்ன சொன்னேன் என்பது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. “காய்கறிக் கூடையில வச்சா சாவை அனுப்புவீங்க? கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள எரிச்சு, சாம்பலும் ஆறியிருக்கும். இனி எந்தக் கப்பல்ல போனா என்ன? ஞாயித்துக்கிழமை வரட்டும். எங்கையால சோறு போட்டப்புறம் குடுக்கலாம்.”

“அதுவும் சரிதான்” என்றார் அவர். காய்கறிக்காரர் வெறுங்கையோடு போனார்.

சனிக்கிழமை காலை கப்பலின் சங்கு கேட்டது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சங்கு எப்போதும் கேட்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். பஜாருக்குப் போய்விட்டு வருகிறார். கையில் காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினார், சிவப்பு வெல்வெட்டில் பெண்கள் போடுகிற செருப்பு. பர்மாக்காரிகள் விசேஷத்துக்குப் போடுவது. மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சம்சாரத்தின் பாதத்தை அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த நூல். நாலு வருஷமாக அதை வைத்திருந்திருக்கிறார்.

“நூலை வச்சு அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரி சிரிக்கிறா” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே போய்ச் சோற்றை எடுத்து வந்தேன். அன்றைக்கு நான் போட்ட மாதிரி யாருக்கும் போட்டதில்லை. மீனில் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டேன். இரண்டாம் தடவை சோறு, மூன்றாம் தடவை சோறு. “போதும்க்கா, என்ன இன்னைக்கு இப்படிக் கவனிப்பு” என்று கேட்டார். வீட்டுக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பலகையில் டிக்கெட் கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் தெரியும். சவரக்காரரிடமும் சொல்லிவைத்திருந்தோம். தலை மழிக்க வேண்டியிருக்குமே என்று அவர் கடையின் பின்பக்கம் முக்காலி போட்டுக் காத்திருந்தார்.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் கடிதத்தை நீட்டினார். இன்சீன்காரர் உறையின் மூலையைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

“நீங்களே படிங்கண்ணே” என்றார்.

வீட்டுக்காரர் பிரித்துப் படித்தார். மச்சான் எழுதியிருந்தான். சம்சாரத்துக்குக் கடுமையான காய்ச்சல், வைத்தியர் கையை விரித்துவிட்டார், அவள் இவரைப் பார்க்க வேண்டும் என்றே உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், இதைக் கண்டதும் முதல் கப்பலில் புறப்பட்டு வரவும். அவ்வளவுதான். வீட்டுக்காரர் திருப்பி ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு சத்தமாகவே சொன்னார்: “ஏப்பா, உயிரோட இருக்குப்பா! சாவு இல்ல!”

ஒரு நிமிஷம் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நிஜமாகவே சிரித்தோம். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயசம் வைத்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். டிக்கெட் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடியே சொன்னார்: “மொத கப்பல் நேத்துப் போச்சே. அடுத்தது புதன்கிழமை.”

இன்சீன்காரர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் மறைக்காமல் சொல்லிவிட்டார். “கரி இருந்தா நீங்க வேற என்ன செய்வீங்க” என்றார் இன்சீன்காரர். உயிரோடு இருக்கும்போது கரி எதற்குப் பூசினார்கள் என்றுதான் ஆளாளுக்குப் பேசினார்கள். அவசரத்துக்கு அடையாளமாகப் பூசியிருப்பான் என்றார் ஒருவர். கப்பலில் தபால் மூட்டை நிலக்கரிப் பக்கத்தில் கிடந்திருக்கும் என்றார் டிக்கெட் கடைக்காரர். எல்லோரும் அதையே ஒப்புக்கொண்டார்கள். புதன்கிழமை அவர் கப்பலேறினார். செருப்புப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு மறுநாள் காலை கயிற்றில் இருந்த கடிதங்களை ஒழுங்கு செய்யப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை வந்த நாலில் இன்னும் ஒன்று ஆள் வராமல் அங்கேயே கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்து மூலையில் லேசாக ஒரு கரித் தடம். வளைவு வளைவாக ரேகை தெரிந்தது. என் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.

சரியாக இருந்தது.

கடிதம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. தபால்காரர் கூப்பிட்டபோது நான் அடிக்கரி சுரண்டிக்கொண்டிருந்தேன். கையைப் புடவையில் துடைத்தேன் என்று நினைவு. துடைத்தது போதவில்லை. மேலே இருந்த கடிதத்தில் கரி நன்றாக ஒட்டியிருக்கிறது, அடியில் இருந்ததில் லேசாக. ஊரில் யாரும் கரி பூசவில்லை. கப்பலிலும் பூசவில்லை. உயிரோடு இருந்தவளுக்கு நான்தான் என் கையால் சாவுக் கடிதம் எழுதினேன். எழுதியதை நானே சாயந்திரம் படித்து, கொடுக்காதே என்றும் சொன்னேன்.

சோற்று உருண்டையை ஒற்றி அந்தக் கரியை எடுத்துவிட்டுக் கடிதத்தைத் திரும்பச் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் அடுத்த வாரம் வாசல் மேசையில் ஒரு பிஸ்கட் தகரம் வந்து உட்கார்ந்தது. “இனிமே தபால்காரர் இதுல போட்டுட்டுப் போகட்டும். நீ எந்திரிச்சு வர வேண்டாம்” என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் இருந்தவரைக்கும் கேட்கவில்லை.

இன்சீன்காரர் மாசியில் திரும்பி வந்தார். கப்பலிலிருந்து இறங்கி, டிரங்குப் பெட்டியோடு நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார். தலைமுடி ஒரு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. தான் நடுக்கடலில் இருந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சம்சாரம் போய்விட்டாள் என்றார். இவர் வீடு போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் கடல், ஒரு நாள் ரயில். நான் முந்தானைக்குள் விரலை மடக்கி எண்ணினேன். சனிக்கிழமைக் கப்பலில் போயிருந்தால் புதன்கிழமை போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

“கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தாளாம்” என்றார்.

அந்தத் தெருக் கடைகளெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. டிக்கெட் கடைக்காரர் மகன் இருந்த மௌல்மீனுக்குப் போய்விட்டார். கரும்பலகை மட்டும் மழையில் வெளுத்துப் போய்க் கொஞ்ச நாள் தொங்கியது. சோடாக் கடை சைக்கிள் கடை ஆயிற்று. காபி கிளப்காரர் ஊருக்குப் புறப்பட்ட அன்று, ஒரு கூஜா காபி கொண்டுவந்து எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். இத்தனை நாள் போட்ட சண்டையை நினைத்து அழுதுகொண்டே குடித்தேன். கடைசியில் நாங்களும் பாத்திரங்களை அமாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அந்தச் சட்டிகள் இன்னும் அங்கே ஏதாவது அடுப்பில் கரி பிடித்துக்கொண்டிருக்கலாம்.

யாராவது கேட்டால் நான் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். இன்னும் ஒன்று இருக்கிறது.

இன்சீன்காரர் திரும்பி வந்த அதே நாள். பெட்டியைத் திறந்து அந்தச் செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். மறுபடி சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது.

“இது உங்களுக்குத்தாங்க்கா.”

“எனக்கு எதுக்கு அண்ணே?”

“அன்னைக்கு நீங்க சோறு போடாம கடுதாசியக் குடுத்திருந்தீங்கன்னா கப்பல் ஏறுற வரைக்கும் பச்சத் தண்ணி இறங்கியிருக்காது எனக்கு. பெத்தவ இருந்தா அப்படித்தான் செஞ்சிருப்பா. அந்தச் சோத்துத் தெம்புலதாங்க்கா நான் ஊரு போய்ச் சேர்ந்தேன். போட்டுப் பாருங்க.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காலை நுழைத்தேன். கொஞ்சம் பிடித்தது. அவர் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணே, அது என் விரல், அந்தக் கரி என் கை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டேன்.

“இன்னும் சாப்பிடலையே, சோறு போடட்டுமா அண்ணே?” என்றேன்.

“போடுங்கக்கா” என்றார்.

போட்டேன்.